சட்டைப்பையில் ஒரு மஞ்சள் முடிச்சு

அரிசி மில் முதலாளி நவநீதத்துக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அதனால் சமையல்காரன் மாசானத்தையும் தாய்லாந்துக்குக் கூட்டிப்போனார்.

"கார்டு இருக்கையிலே நோட்டு எதுக்குலே? உன் கையிலே ஒத்த நோட்டைப் பார்த்தேன், வேலை காலி" என்று கிளம்பும்போதே மிரட்டிவிட்டார்.

மாசானம் தலையாட்டினான். பிறகு, வழித்துணைக்கென்று சுடலைமாடனுக்குக் காணிக்கையை மஞ்சள் துணியில் முடிந்து, முதலாளியின் சட்டைப்பையில் வைத்தான். சாமி காரியமென்று அவரும் தடுக்கவில்லை.

அங்கே ஒரு குட்டித் தீவைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. நின்றது கடைசிப் படகு. படகுக்காரன் கார்டைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டுக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். மாசானத்துக்கு இக்கட்டு. நோட்டை எடுத்தால் வேலை போகும், எடுக்காவிட்டால் படகு போகும்.

"ஏலே, உன்கிட்ட ஏதாவது இருக்கால?"

"என் கையிலே ஏது மொதலாளி? உங்க பையிலேதான் இருக்கு. முடிச்சை அவுத்துப் பாருங்க."

அவிழ்த்தால், உள்ளே தாய்லாந்து நோட்டுகள்! அதைக் கொடுத்துப் படகில் ஏறி உட்கார்ந்த பிறகு முதலாளி கேட்டார்.

"நம்ம சாமிக்கு எதுக்குலே இந்த ஊர் நோட்டு?"

"வழித்துணைக்கு வந்த சாமி, மொதலாளி. இங்க செல்லாத காசை வச்சுக்கிட்டு அது உங்களை எப்படிக் கரை சேர்க்கும்?"