கழுவாத அடிப்பக்கம்

கல்குவாரி முதலாளி தங்கப்பழத்தின் பழைய ஆட்டோமேடிக் பிக்கப் மேடு ஏற மறுத்தது. இன்ஜின் உறுமும், வண்டி நகராது.

"கியர்பாக்ஸையே கழட்டிப் பார்த்துட்டேன் முதலாளி. உள்ளே எல்லாம் கருகிப்போச்சு, புதுசுதான் போடணும்" என்றார் டவுனிலிருந்து வந்த பெரிய மெக்கானிக் சுதர்சனம்.

வண்டி கழுவும் செல்லக்கிளி விடவில்லை. "கியர் ஆயில்தான் குறைஞ்சிருக்குங்கய்யா. வண்டி நிக்கிற இடத்துல தினமும் சிவப்பா சொட்டுது."

"அப்போ நீயே மேடேத்திக் காட்டு. ஏறலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!" என்றார் தங்கப்பழம்.

அவள் வண்டிக்கு அடியில் புகுந்து கசிந்த குழாயை இறுக்கினாள். இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டிக்கில் அளவு பார்த்துப் பார்த்து ஆயில் ஊற்றினாள். வண்டியை மேட்டு உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இந்த மெக்கானிக் கியர்பாக்ஸைத் தொடவே இல்லைங்கய்யா. அடியில போல்ட்டு மேல நாலு மாசச் சேறு அப்படியே இருக்கு."

"நாலு மாசமா அடியில கழுவலையா நீ?"

"கழுவியிருந்தா இவர் மாட்டியிருப்பாராங்கய்யா?"