தேவகிருபை தர்பூசணி பிடித்தது

“மத்தவங்க பிடிச்சா முழுசா இருக்கிற பழம், என் கையில மட்டும் ஏன் உடையுது?” என்று கேட்டாள் தேவகிருபை.

அவளுக்கு ஐம்பது வயது. பழ மண்டியில் லாரி மேலிருந்து வீசும் தர்பூசணியைப் பிடித்து அடுக்கும் வேலைக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது.

அதுவரை அங்கே அந்த வேலை பார்த்த ஒரே பெண் இசக்கியம்மாள். வயது இருபத்தெட்டு. அவள் பிடித்து ஒரு பழம் உடைந்து யாரும் பார்த்ததில்லை.

மேஸ்திரி பால்துரை காலையிலேயே சொல்லியிருந்தான். “இன்னும் ஒண்ணு உடைஞ்சா நாளைக்கு வர வேண்டாம்.”

தேவகிருபையின் கேள்வியைக் கேட்ட இசக்கி, அழுகல் என்று ஒதுக்கிய பழங்களில் ஒன்றை எடுத்துச் சுவரில் எறிந்தாள். சிதறியது.

இன்னொன்றை வைக்கோல் குவியலில் எறிந்தாள். பொதுக்கென்று உள்ளே போய் நின்றது.

“அக்கா, நீங்க சுவரா, வைக்கோலா?”

“சுவருதான். சுவராத்தான் இருப்பேன். இருபத்திரண்டு வருசம் வீட்டு வேலை செஞ்சேன். எல்லாருக்கும் வளைஞ்சு குடுத்தாச்சு. இனி இந்தப் பழத்துக்கும் வளையணுமா? முடியாது.”

“வைக்கோல் தோத்துப்போச்சாக்கா?”

தேவகிருபை பார்த்தாள். பழம் அசையாமல் கிடந்தது.

“வர்ற பழத்துக்கு உந்தம்னு ஒண்ணு இருக்கு,” என்றாள் இசக்கி. “அது மொத்தத்தையும் நீங்க வாங்கித்தான் ஆகணும். கொஞ்சமும் குறையாது. ஒரே அடியா வாங்கினா பழமும் போச்சு, மணிக்கட்டும் போச்சு. கையைப் பழத்தோடயே கொண்டு வந்தா மெதுவா வாங்கலாம். நேரம் கூடினா அடி குறையும்.”

“பள்ளிக்கூடத்துல படிச்சியா?”

“படிச்சேன். நல்ல மார்க்குதான். புரிஞ்சது இங்கே வந்துதான்.”

மதியத்துக்குள் தேவகிருபை எழுபது பழம் பிடித்தாள். ஒன்றும் உடையவில்லை.

பால்துரைக்குப் பொறுக்கவில்லை. தானே லாரி மேல் ஏறினான்.

“ஒவ்வொரு பழத்துக்கும் ரெண்டடி பின்னால போறா. இதுவும் ஒரு பிடியா? அந்தத் தூணுல முதுகை ஒட்டி நில்லு. இப்போ பிடி, பாப்போம்!”

சுமை இறக்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். இசக்கி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தேவகிருபை வேண்டாமென்று கை காட்டினாள்.

தூணில் சாய்ந்து நின்றாள். முழங்கையை மடக்கக்கூடப் பின்னால் இடமில்லை.

பால்துரை இருப்பதிலேயே பெரிய பழமாகத் தேடி எடுத்தான். இரண்டு கையாலும் தூக்கி, பலம் கொண்ட மட்டும் வீசினான்.

பழம் அவன் கையை விட்டதும் தேவகிருபை தூணை விட்டாள். முன்னால் இரண்டு எட்டு. நீட்டிய கைகளில் பழத்தை வாங்கினாள். வாங்கியபடியே கைகள் மடங்கின, கால்கள் பின்னால் வந்தன. முதுகு தூணைத் தொட்டபோது பழம் அவள் வயிற்றோடு சேர்ந்து நின்றிருந்தது.

“தூணை விட்டு யார் உன்னை நகரச் சொன்னது?” என்று கத்தினான் பால்துரை.

“பின்னாலதானய்யா தூணு,” என்றாள் தேவகிருபை. “முன்னால இவ்வளவு இடம் கெடக்கே!”