நல்லசிவத்தின் சொத்து

ஈரோட்டில் தனியார் துப்பறியும் நிலையம் நடத்திவந்தவர் சகாயமேரி. அவரிடம் தொழில் கற்க வந்த சீடர் பொன்னுரங்கம், போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது கூடுதல். மீசையையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் கூடும்.

ஒரு நாள் சீடர் ஒரு கட்டுக் காகிதத்தைக் குருவின் மேஜையில் வைத்தார்.

"மேடம், அந்த நல்லசிவம் நெசமாவே ஓட்டாண்டிங்க. ஓட்டற வண்டிகூட அவன் பேர்ல இல்ல. எந்தக் கம்பெனியிலயும் பங்கு இல்ல. சொந்த ஊர் வெள்ளாமைக் காட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாத்தேன், அதுவும் தம்பிக்குப் போயாச்சு. ஒண்ணுமே இல்லாதவன்கிட்ட என்னத்தைங்க தேடறது?"

நல்லசிவம் மனைவி சம்பூர்ணத்தைக் கைவிட்டவன். ஜீவனாம்ச வழக்கில், தனக்கென்று ஒரு செங்கல்கூடக் கிடையாது என்று சத்தியம் செய்திருந்தான். அடுத்த விசாரணைக்குள் எதுவும் அகப்படாவிட்டால், பத்தாவது படிக்கும் மகளின் படிப்பை நிறுத்தி மில்லுக்கு அனுப்ப வேண்டியதுதான். சம்பூர்ணம் நிலையத்துக்கு வந்து அதைச் சொன்னபோது அழவில்லை. அதைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

"மழை வரட்டுங்க சார்," என்றார் குரு.

சீடருக்குச் சுருக்கென்றது. "பேங்க்ல எனக்கு வேண்டிய ஆள் ஒருத்தன் இருக்கறானுங்க. ஒரு போன் போட்டா கணக்கெல்லாம் கைக்கு வந்துரும்."

"திருடிக் கொண்டாந்ததைக் கோர்ட்ல எந்தக் கையால நீட்டுவீங்க?"

சீடர் மனசுக்குள் திட்டினார். ஐப்பசி வானமும் வேண்டுமென்றே வெயிலடித்து அவர் கோபத்துக்கு எண்ணெய் வார்த்தது.

விசாரணைக்குச் சில நாள் இருக்கையில் ஒரு பிற்பகல் இருட்டிக்கொண்டு வந்தது. குரு கார் சாவியை எடுத்தார். நல்லசிவம் குடியிருந்த ஒண்டுக்குடித்தனத்தின் தெருமுனையில் இருவரும் காத்திருந்தார்கள்.

தூறல் விழுந்தது. நல்லசிவம் வெளியே ஓடிவந்தான். வானத்தைப் பார்த்தான். குடைகூட எடுக்காமல் மொபெட்டைக் கிளப்பினான்.

குரு பின்தொடர்ந்தார்.

ஊருக்கு வெளியே மஞ்சள் மூட்டை அடுக்கும் குடோன்கள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றின் முன்னால் அவன் வண்டியைப் போட்டான். வாட்ச்மேன் பதறிக் கதவைத் திறந்தார்.

"மூட்டை நனைஞ்சா உங்கப்பனா வந்து காயவைப்பான்?" அவன் போட்ட சத்தம் ரோடு வரை கேட்டது.

அடுத்து அவன் யாரையும் ஏவவில்லை. தானே ஏணியைச் சாத்தினான், தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு கூரைமேல் ஏறினான். கொட்டுகிற மழையில் குப்புறப் படுத்து, ஓட்டை விழுந்த ஷீட்டை மூடினான்.

குரு காரில் இருந்தபடியே படம் எடுத்துக்கொண்டார்.

"கூலிக்கு வந்திருப்பானோ?" சீடர் கேட்டார்.

"கூலிக்கு வந்தவரு வாட்ச்மேனை இப்படியா வைவாருங்க?"

சீடர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"இப்பப் போய் இந்த எடத்துக்கு வில்லங்கம் போடுங்க சார். ஆளு பேரைச் சொல்லிக் கேட்டா வில்லங்கம் பேசாது. எடத்தைச் சொல்லிக் கேட்டாத்தான் பேசும்."

மறுநாள் அது பேசியது. குடோன் நல்லசிவம் வாங்கியதுதான். வழக்குப் போட்ட அடுத்த மாதமே அக்கா மகனுக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருந்தான். வக்கீல் பார்த்துவிட்டு, இந்தத் தானம் கோர்ட்டில் ஒரு நிமிஷம்கூட நிற்காது என்றார்.

சந்தோஷத்தில் சீடருக்குத் தலைகால் புரியவில்லை. சம்பூர்ணத்தை வரச்சொல்லி நடந்ததையெல்லாம் நடித்தே காட்டினார். மேஜைமேல் ஏறிப் படுக்காததுதான் குறை.

சம்பூர்ணம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"அவரேவா ஏறினாருங்க?"

"அவனேதானம்மா! அந்த மழையில!"

"எங்க வீடு ஒழுகாத மழையே இல்லீங்க. புள்ளையத் தூக்கிக்கிட்டு மூலைக்கு மூலை நின்னிருக்கறேன். ஒரு நாள் ஏறினதில்லீங்க."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்து, இருவரையும் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

சீடர் குருவிடம் திரும்பினார்.

"ஜெயிச்சாச்சுங்க மேடம். இனி புள்ள படிப்பு நிக்காது. இத்தனை நாள் அழுவாத அந்தம்மா இப்ப எதுக்குங்க அழுவுது?"

"அவரு தன்னுதுன்னு நெனைக்கறது எதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லிட்டமில்லீங்க," என்றார் குரு. "அதுக்குத்தான்."