சோளக்குழிக்குள் அணைந்த விளக்கு

கேளுங்கள் ஐயா, முழுசாகக் கேட்டுவிட்டு நியாயம் சொல்லுங்கள். பாதியிலேயே "தெரியும், தெரியும்" என்று கத்துகிறவர்களுக்கு நான் கதை சொல்வதில்லை.

காங்கேயம் பக்கம் ஒரு பண்ணையில் இரண்டு ஆள் ஆழத்துக்குச் சோளக்குழி இருந்தது. சோளத்தைக் கொட்டி, மேலே பலகைக்கல் வைத்து, எறும்பு நுழைய இடமில்லாமல் களிமண் பூசிவிடுவார்கள். அந்த வருஷம் விளைச்சல் குறைவு. அறுப்பில் தூறல் வேறு பிடித்துக்கொள்ள, ஈரம் காயுமுன்பே சோளம் குழிக்குள் போய்விட்டது.

எட்டு மாதம் கழித்துக் கல்லைப் பெயர்த்தார்கள். மேகம் கறுத்து வந்தது, வண்டி காத்து நின்றது.

"ஒரு பொழுது தொறந்து கெடக்கட்டுங்க. எங்கப்பன் ஊட்டுல அப்படித்தான் செய்வாங்க" என்றாள் பண்ணையில் வேலை செய்த வேலாத்தாள்.

"மழ வந்தா உங்கப்பனா வந்து அள்ளுவாரு?" என்று சிரித்தபடி ஏணியில் இறங்கினான் அவள் புருஷன் சென்னியப்பன். கால் சோளத்தில் பட்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்படியே சரிந்தான்.

ஐயோ, அந்த நேரத்தை என்னவென்று சொல்ல! "அவன உசுரோட மேல கொண்டாறவங்களுக்கு என்ற காராம்பசுவக் குடுத்தர்றேன்!" என்று அலறினார் பண்ணைக்காரர். சென்னியப்பனின் தம்பி நஞ்சப்பன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதிக்கப் போனான். வேலாத்தாள் அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்து அவனைத் தரையில் தள்ளினாள்.

"உடுங்க அண்ணி! உள்ள கெடக்கறது உங்க புருஷனுங்க!"

"தெரியுந் தம்பி. மொதல்ல வெளக்கு!"

எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். இலைகூட அசையவில்லை, ஆனாலும் பாதி ஆழத்தில் விளக்கு அணைந்துவிட்டது. "கல்நெஞ்சக்காரி!" என்று கூட்டம் வைதது. அவளோ அழுதுகொண்டே வண்டிக்கார மாரண்ணனிடம் ஒரு வேப்பங்கிளையை ஒடிக்கச் சொன்னாள். கிளையைக் கயிற்றில் கட்டி, தண்ணீர் சேந்துவதுபோல் அவன் விறுவிறுவென ஏற்றி இறக்கினான். மறுபடி விளக்கை ஏற்றி இறக்கினாள். இம்முறை அடிவரை எரிந்தது.

"இப்பப் போ தம்பி!"

நஞ்சப்பன் இறங்கினான், அண்ணனைக் கயிற்றில் கட்டினான், மேலே இருந்தவர்கள் இழுத்தார்கள். சென்னியப்பன் இருமினான், கண்ணைத் திறந்தான். அப்பாடா! வைத வாய்களெல்லாம் சாமிக்கு நன்றி சொல்லின.

உடனே பசுப் பஞ்சாயத்து தொடங்கிவிட்டது. "கிளை வீசுனது நானுங்க" என்றான் மாரண்ணன். "எறங்கித் தூக்குனவன் நஞ்சப்பன்" என்றது ஊர். "நேரத்தைக் கடத்தினவளுக்கு எதுக்குப் பசு?" என்றும் சிலர் கேட்டார்கள்.

சொல்லுங்கள், பசு யாருக்கு? அதற்குமுன் இன்னொன்று: மூடிக்கிடந்த குழிக்குள் ஆளில்லை, நெருப்பில்லை. அங்கிருந்த நல்ல காற்றைத் தீர்த்தது யார்?

விடை: சோளம்தான். விதைக்கு உயிர் உண்டு. நாம் உண்ட சோறு மூச்சுக்காற்றோடு சேர்ந்து உடம்புக்கு வலுவாவதுபோல, அதுவும் தன் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து மூச்சுவிடுகிறது. ஈரமிருந்தால் இன்னும் வேகமாக. எட்டு மாதத்தில் நல்ல காற்றைத் தீர்த்து, கனத்த கெட்ட காற்றை அடியில் நிரப்பிவிட்டது. விளக்கு எரியாத இடத்தில் மனிதன் வெகுநேரம் பிழைக்க மாட்டான். கிளைதான் மேல்காற்றை உள்ளே தள்ளியது. பசு யாருக்கு என்பதை நஞ்சப்பனே தீர்த்துவைத்தான். பசுவின் கயிற்றை வேலாத்தாள் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்:

"நான் அண்ணன் ஒருத்தரத்தானுங்க காப்பாத்துனேன் அண்ணி. நீங்க ரெண்டு பேரக் காப்பாத்தியிருக்கீங்க."