புங்கமரத்தடி சீப்புக் கடை

ஓடைக்கரைப் புங்கமரத்தடியில் ஊசிமணி என்ற முள்ளம்பன்றி ஒரு கடை திறந்தது.

உடம்பில் ஒட்டிக்கொள்ளும் நாயுருவி, ஒட்டுப்புல், காய்ந்த முள்விதை இவற்றையெல்லாம் எடுத்துவிட்டு, முடியைச் சீவி அனுப்பும் கடை. கருவிக்குக் குறைவில்லை. தன் உடம்பிலிருந்து உதிர்ந்த முட்களை நாரால் சேர்த்துக் கட்டி ஊசிமணியே சீப்பு செய்திருந்தது. மெல்லிய முடிக்கு நெருக்கமான சீப்பு. முரட்டு முடிக்கு அகலமான சீப்பு. சிக்கெடுப்பதற்கு, முனை மழுக்கிய ஒற்றை முள். கூலியாக அவரவரால் முடிந்ததைத் தரலாம். கிழங்கானாலும் சரி, பழமானாலும் சரி.

அது மாசி மாதம். புல் காய்ந்து விதை உதிரும் நேரம். காட்டில் சொறிந்துகொள்ளாத விலங்கே இல்லை. கடை போட இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று ஊசிமணி நினைத்தது. கிழங்கு தோண்டப் போவதை நிறுத்திவிட்டுக் கடையிலேயே உட்கார்ந்தது.

ஒருவரும் வரவில்லை.

ஒரு முயல் மட்டும் தினமும் அந்த வழியாகப் போகும். அதன் காது முழுக்க நாயுருவி. ஒருநாள் ஊசிமணி அதைக் கூப்பிட்டது.

"உள்ளே வாப்பா. காதைப் பாத்து விடுறேன்."

முயல் நின்றது. ஆனால் கிட்டே வரவில்லை.

"சீப்பெல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. உங்க முதுகுதான் பயமா இருக்கு. நீங்க ஒரு தும்மல் போட்டா என் கதை முடிஞ்சுது."

சொல்லிவிட்டு அது ஓடிப்போனது.

அன்று மாலை ஊசிமணியின் துணை வேலய்யன் இரண்டு கிழங்கோடு வந்தது. ஒருவர் தோண்டி இருவர் சாப்பிட வேண்டியிருந்ததால் வேலய்யன் இளைத்துப் போயிருந்தது.

"நாளைக்கும் கடையா?" என்று கேட்டது.

"நாளைக்கும்தான்."

"வேண்டாம்னு சொல்லலை. எனக்கு நகம் தேயுது, அதைத்தான் சொல்றேன்."

ஊசிமணிக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. பெரிய கிழங்கை வேலய்யன் பக்கம் தள்ளிவிட்டு, சின்னதை எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் தவிட்டுக்குருவிகள் வந்தன. அவை ஏழும் ஒன்றாகவே சுற்றும். ஒன்று பேச ஆரம்பித்தால் ஏழும் பேசும். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி சொர்ணம்.

"கடை திறந்திருக்கியாமே ஊசிமணி. சொல்லவே இல்லையே. சொல்லாத சரக்கு எங்கே விக்கும்? எங்ககிட்ட விடு. நாளைக்கே கூட்டம் நிக்கும்."

"உங்களுக்கு நான் என்ன தரணும்?"

"தினமும் காலையில கொஞ்சம் மண்ணைக் கிளறி விடு. புழு பூச்சி கிடைச்சாப் போதும் எங்களுக்கு."

மண்ணைக் கிளறுவது முள்ளம்பன்றிக்கு ஒரு வேலையா? ஊசிமணி உடனே ஒத்துக்கொண்டது.

"சரி, உன் கடையில என்ன விசேஷம்?" என்றது சொர்ணம்.

"ஒட்டுமுள் எடுப்பேன். முடி சீவி விடுவேன்."

ஏழு குருவிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"இவ்வளவுதானா? இதைச் சொன்னா யார் வருவா? நாங்க பாத்துக்கறோம். நீ சீப்பை எடுத்து வை" என்று சொல்லிவிட்டுப் பறந்தன.

அன்றைக்கே காடு முழுக்க ஒரே சத்தம். ஒவ்வொரு புதராகப் போய்க் குருவிகள் கூவின.

"புங்கமரத்தடி ஊசிமணி கடை! பன்றியா வாங்க, மயிலாப் போங்க!"

மறுநாள் விடிந்ததும் கடைமுன் கூட்டம் நின்றது. நரி வந்திருந்தது, கீரி வந்திருந்தது, கிழட்டுக் குரங்குகூட வந்திருந்தது. எல்லாருக்கும் முன்னால் கொம்பையா நின்றது. கொம்பையா அந்தக் காட்டிலேயே பெரிய காட்டுப்பன்றி.

"பன்றியா வாங்கன்னு என்னைத்தானே கூப்பிட்டீங்க. வந்துட்டேன்" என்று சொல்லி, கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டது.

குருவிகள் என்ன கூவின என்பது ஊசிமணிக்குத் தெரியாது. தூரத்தில் ஏதோ சத்தம் கேட்டது, அவ்வளவுதான். கொம்பையா கேலி பேசுகிறது என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கியது. காய்ந்த சேற்றை உதிர்த்தது. காதுக்குப் பின்னால் பதிந்திருந்த முள்விதைகளை ஒவ்வொன்றாக எடுத்தது. பிடரி முடியை வாரியது. நல்ல வேலை. அதைப் பார்த்து ஊசிமணிக்கே பெருமையாக இருந்தது.

கொம்பையா எழுந்து ஓடைக்குப் போய்த் தண்ணீரில் பார்த்தது. நேராக நின்று பார்த்தது. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தது. பிறகு வாலைத் தூக்கிப் பார்த்தது.

"தோகை எங்கே?" என்றது.

"என்ன தோகை?" என்றது ஊசிமணி.

கூட்டம் சிரித்தது. நரி விழுந்து விழுந்து சிரித்தது. கொம்பையாவின் முகம் சுருங்கியது. பிறகு கோபம் வந்தது. சீப்பு வைத்திருந்த கல்லை ஒரே முட்டில் கவிழ்த்தது. சீப்புகளை மிதித்து நொறுக்கியது. ஊசிமணிக்கு உடம்பெல்லாம் முள் சிலிர்த்து எழுந்தது. அதைப் பார்த்த கூட்டம் ஒரே ஓட்டமாக ஓடிவிட்டது.

சற்று நேரத்தில் சொர்ணம் தன் கூட்டத்தோடு கிளையில் வந்து உட்கார்ந்தது.

"கூட்டம் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. நீங்க என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?"

சொர்ணம் சொன்னது.

"இனிமே கூவாதீங்க சொர்ணம். இன்னைக்கு வந்தவங்க யாரும் இந்தப் பக்கம் திரும்ப மாட்டாங்க."

"நல்லது செய்யப் போனா இதுதான்" என்று குருவிகள் ஏழும் முகத்தைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டன.

"கடையை மூடிடலாமா?" என்று, சத்தம் கேட்டு வந்திருந்த வேலய்யன் மெதுவாகக் கேட்டது.

ஊசிமணி நொறுங்கிய சீப்புகளை ஓரமாக ஒதுக்கி வைத்தது. எழுந்து நேராகச் சேற்றுக்குட்டைக்குப் போனது. அங்கே கொம்பையா தனியாகப் படுத்திருந்தது. ஊசிமணியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அண்ணே, மயிலாக்குவோம்னு சொன்னது என் கடைப் பேர்ல போன பேச்சு. நான் சொல்லலை. ஆனா என்ன சொல்லப் போறாங்கன்னு நான் கேட்டுக்காம விட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

கொம்பையா முன்காலால் சேற்றைக் கிளறியது.

"எல்லாரும் என்னைப் பாத்தா விலகிப் போறாங்க. ஒருநாளாவது நின்னு பாக்கட்டுமேன்னு ஒரு ஆசை. அதான் வந்தேன். நான் ஒரு முட்டாள்."

"ஆசைப்படுறது முட்டாள்தனமாண்ணே?"

ஊசிமணி திரும்பி நடந்தது. பத்தடி போயிருக்கும். பின்னாலிருந்து கொம்பையாவின் குரல் வந்தது.

"ஆனா காதுக்குப் பின்னால அரிப்பு நின்னுபோச்சு. போன மழைக்காலத்திலிருந்து இருந்த அரிப்பு."

அது போதும் என்று தோன்றியது ஊசிமணிக்கு. வீட்டுக்கு வந்ததும் புதிதாகச் சீப்பு கட்ட உட்கார்ந்தது. வேலய்யன் பக்கத்தில் உட்கார்ந்து நார் கிழித்துக் கொடுத்தது.

கட்டிக்கொண்டே ஊசிமணி யோசித்தது. முயல் சொன்னது பொய்யில்லை. முதுகு முள்ளைப் பார்த்தால் யாருக்கும் பயம்தான். அதைப் போக்காமல் கடையை மட்டும் திறந்துவைத்தால் யார் வருவார்கள்? மரத்துக்குப் பக்கத்தில் பழைய கறையான் புற்று ஒன்று சுவர் மாதிரி நின்றது. ஊசிமணி தன் இடத்தை அதற்கு முன்னால் மாற்றிக்கொண்டது. இப்போது முள் எல்லாம் புற்றின் பக்கம். வருகிறவர் எதிரே உட்காரலாம். அங்கிருந்து பார்த்தால் ஊசிமணியின் முகமும் கையும் மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு ஒருநாள் தேனம்மை வந்தது. தேனம்மை ஒரு கரடி. அது யாரிடமும் அதிகம் பேசாது. அதன் பின்னால் ஒரு குட்டி அழுதுகொண்டே நடந்து வந்தது.

"மயிலாக்குற கடை இதானா?" என்றது தேனம்மை.

ஊசிமணிக்கு வெட்கமாகிவிட்டது. "இல்லக்கா. அது தப்பாப் போன பேச்சு. இங்கே மயிலெல்லாம் ஆக முடியாது."

"எனக்கு மயில் வேண்டாம். பிள்ளை உக்கார்ற மாதிரி என் முதுகை ஆக்கித் தர முடியுமா?"

திரும்பி நின்று காட்டியது. முதுகு முழுக்க ஒட்டுமுள். முடியெல்லாம் சடை சடையாகத் திரண்டிருந்தது. குட்டி ஏறினால் வயிற்றில் குத்தும். அது அலறி இறங்கிவிடும்.

"பாறைக்கு அந்தப் பக்கம் இலுப்பைப் பூ உதிர ஆரம்பிச்சிருச்சு" என்றது தேனம்மை. "இந்தப் பக்கம் தின்ன ஒண்ணுமில்ல. எனக்குப் பால் வத்திக்கிட்டு வருது. போற வழியில சிறுத்தை கிடக்கு. இவனை நடத்திக் கூட்டிட்டுப் போக முடியாது. முதுகுல இருந்தாத்தான் போகலாம்."

ஊசிமணி முதுகைக் கையால் தடவிப் பார்த்தது. அவசரப்படாமல் பார்த்தது.

"எடுத்துடலாம்க்கா. ஆனா சீக்கிரம் முடியாது. பொழுது சாயற வரைக்கும் ஆகும். சில இடத்துல வலிக்கும். வலிக்கப்போற இடத்தை முன்னாடியே சொல்லிட்டுத்தான் எடுப்பேன். கழுத்துக்கிட்ட ஒரு சடை இருக்கு. அதைச் சீவ முடியாது, கடிச்சுத்தான் எடுக்கணும். அந்த இடம் கொஞ்ச நாளைக்கு மொட்டையா இருக்கும். பரவாயில்லையா?"

தேனம்மை ஊசிமணியை ஒருமுறை பார்த்தது. புற்றைப் பார்த்தது. பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது.

வேலை நடந்தது. ஊசிமணி புங்கங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டுச் சிக்கைத் தளர்த்தியது. "இப்ப வலிக்கும்" என்று சொல்லிவிட்டு இழுத்தது. தேனம்மை பல்லைக் கடித்துக்கொண்டது. "இனி வலிக்காது" என்று சொன்ன இடத்தில் உண்மையாகவே வலிக்கவில்லை. மதியத்துக்குமேல் தேனம்மை உறங்கிவிட்டது. பெரிய கரடி ஒன்று முள்ளம்பன்றியின் கடையில் உட்கார்ந்தபடி குறட்டை விடுவதை அந்த வழியாகப் போனவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். குட்டிக்கு வேலய்யன் விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. கிழங்கை உருட்டிவிடும். குட்டி துரத்திப் பிடிக்கும். சில கிழங்குகள் குட்டியின் வாய்க்குள்ளும் போயின. வேலய்யன் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கழுத்துச் சடையையும் கடித்து எடுத்தாயிற்று. பொழுது சாயும் நேரத்தில் ஊசிமணி அகலச் சீப்பால் தலையிலிருந்து வால்வரை ஒருமுறை சீவிவிட்டது.

"ஏறிப் பாருடா" என்றது.

குட்டி பயந்து பயந்து முன்காலை வைத்தது. குத்தவில்லை. பின்காலையும் வைத்தது. பிறகு ஒரே தாவலில் மேலே ஏறி, முடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தை அதில் புதைத்துக்கொண்டது. அப்படியே அசையாமல் கிடந்தது.

தேனம்மை கழுத்தைத் திருப்பிக் குட்டியைப் பார்த்தது. ஊசிமணியின் கையைத் தன் மூக்கால் ஒருமுறை தொட்டது.

"இப்போ தர என்கிட்ட ஒண்ணும் இல்லை" என்றது கடைசியில்.

"போய்ச் சாப்பிடுங்கக்கா முதல்ல."

மறுநாள் காலையில் தேனம்மை காட்டின் நடுவே நடந்து போனது. முடி காற்றில் அலைந்தது. குட்டி மேலே உட்கார்ந்து போகிறவர் வருகிறவரையெல்லாம் வேடிக்கை பார்த்தது. பாறைமேல் கிடந்த சிறுத்தை தலையைத் தூக்கியது. தாயின் முதுகோடு ஒட்டிக்கிடந்த குட்டியைப் பார்த்தது. இது ஆகாது என்று மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டது.

"முதுகை யார் இப்படி ஆக்கி விட்டது?" என்று வழியெல்லாம் கேட்டார்கள்.

"ஊசிமணி" என்றது தேனம்மை. அதற்குமேல் அது ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத கரடி ஒரு பேரைச் சொன்னால் யாருக்குத்தான் மறக்கும்?

முதலில் முயல் வந்தது. புற்றுக்கு எதிரே உட்கார்ந்து, "முகத்தை மட்டும் பாத்தா நீங்க சாதுவாத்தான் தெரியறீங்க" என்றது. அதன் பின்னால் கீரி வந்தது. நரிகூட வந்தது. சிரித்ததற்காகக் கொம்பையாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தால்தான் சீப்பை எடுப்பேன் என்று ஊசிமணி சொல்லிவிட்டது. நரி போய்க் கேட்டுவிட்டே வந்தது. திரும்பி வரும்போது கொம்பையாவும் கூட வந்தது. "ரொம்ப வேண்டாம், பிடரியை மட்டும் வாரி விடு" என்று சொல்லி வரிசையில் நின்றது. வாரி முடித்ததும், வரிசையில் இருந்தவர்கள் அதை நின்று பார்த்தார்கள். யாரும் விலகவில்லை.

ஊசிமணி மட்டும் செய்தால் போதாது என்றாகிவிட்டது. வேலய்யன் கிழங்கு தோண்டுவதை விட்டுவிட்டுச் சீப்பு கட்ட உட்கார்ந்தது. கூலியாக வரும் கிழங்கும் பழமும் இருவருக்கும் போதுமானவையாக இருந்தன. மிச்சமும் இருந்தது.

தவிட்டுக்குருவிகளும் திரும்பி வந்தன. சொர்ணம் கொஞ்சம் தயங்கித்தான் உட்கார்ந்தது.

"இப்போ என்ன சொல்லணும்னு நீயே சொல்லு. அதையே கூவுறோம்."

"ஒட்டுமுள் எடுத்து, முடி சீவி விடப்படும். கொஞ்சம் வலிக்கும். வலிக்கறதுக்கு முன்னாடி சொல்லுவோம். அவ்வளவுதான்."

"வலிக்கும்னுகூடவா சொல்லணும்?"

"அதைத்தான் முதல்ல சொல்லணும்."

குருவிகள் அப்படியே கூவின. அதைக் கேட்டு, ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மான் கூட்டமே கிளம்பி வந்தது. அன்று பொழுது சாயும்வரை புங்கமரத்தடியில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது.

செய்ய முடிந்ததை மட்டும் சொல்லி, சொன்னதைச் சரியாகச் செய்கிறவர் கடைக்கு, வந்து போனவரே விளம்பரம்.