அடுப்புச் சுவரில் ஒரு காபிக் கோப்பை

தில்லைநாயகத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. குரு வேதவல்லி அவரைவிட எட்டு வயது இளையவர். ஆனாலும் குருவை அவர் அம்மா என்றுதான் அழைப்பார். குரு அவரை ஐயா என்பார்.

ஆசிரமத்துக்கு வந்த ஏழு ஆண்டுகளில் குரு பேசியதை எல்லாம் தில்லைநாயகம் பதினோரு நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார்.

அந்த வருடம் பக்கத்து ஊர்க்காரர்கள், வாரம் ஒருமுறை தங்களிடம் வந்து பேச ஓர் ஆளை அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். தில்லைநாயகத்துக்குப் போக ஆசை. அங்கே போய் நின்றதும், தன்னிடம் சொல்ல ஒன்றுமே இல்லை என்று தெரிந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. இரண்டையும் சுமக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"அம்மா, நான் போய்ப் பேசலாமா?"

குரு சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அடுப்புக்குப் பின்னால் சுவர்ப் பூச்சு பொரிந்து உதிர்ந்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்தச் சுவருக்கு நீங்களே டைல் ஒட்டுங்க ஐயா. ஒட்டிட்டு வந்து கேளுங்க."

இது சம்மதமா, மறுப்பா என்று தில்லைநாயகத்துக்கு விளங்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார்.

டைல்கள் இருந்தன. புது வீடு கட்டிய பக்தர் ஒருவர் மிச்சத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். முப்பத்தொன்பது வெள்ளை. நாற்பதாவதில் மட்டும் ஆவி பறக்கும் காபிக் கோப்பைப் படம்.

தில்லைநாயகம் மூன்று நாட்கள் போனில் வீடியோ பார்த்தார். ஒருவர் பையில் வரும் பசையைக் குழைத்து ஒட்டினார். இன்னொருவர் சிமெண்டில் ஒட்டினார். இருவர் சொன்னதிலும் நல்லதாகத் தோன்றியதைக் குறித்துக்கொண்டார். குறிப்பு இரண்டு பக்கம் வந்தது.

நான்காம் நாள் முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கேறிய பழைய பூச்சைக் கொத்தி எடுத்தார். ஐந்தாம் நாள் காலை சுவரை நனைத்தார், சிமெண்டைக் குழைத்தார், நூல் கட்டினார். ஒவ்வொரு வரிசைக்கும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். மதியத்துக்குள் நாற்பதும் ஏறிவிட்டன. எங்கேயும் கோணல் இல்லை.

சமையல் செய்யும் பவுனம்மாள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"எல்லாம் அழகாத்தான் இருக்கு சாமி. கப்பு மட்டும் தலைகீழா நிக்குது. காபி என் குழம்புல கொட்டிராதா?"

தில்லைநாயகத்துக்கு வெட்கமாகிவிட்டது. அந்த டைலை மட்டும் பெயர்த்தார். பின்னால் இருந்த சிமெண்டை வழித்துவிட்டுத் தண்ணீர் வாளியில் போட்டார். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது. சாப்பிட்டு வந்துதான் அதை எடுத்து, புதிதாகக் குழைத்த சிமெண்டில், இந்த முறை நேராக ஒட்டினார்.

இரண்டு நாள் சமையல் கொல்லையில் நடந்தது. மூன்றாம் நாள் பழைய இடத்திலேயே அடுப்பு எரிந்தது. ரசம் நுரை கட்டும் நேரத்தில் முதல் டைல் பாத்திரத்துக்குள் விழுந்தது. அதன் பக்கத்தில் இருந்த இரண்டும் பின்னாலேயே வந்தன. பவுனம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு, முப்பது பேருக்கும் இன்றைக்கு மோர்ச்சோறுதான் என்று கூடத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

சாயங்காலத்துக்குள் பதினேழு விழுந்திருந்தன.

குரு வந்தார். கரண்டிக் காம்பால் மிச்சத்தைத் தட்டிக்கொண்டே போனார். எல்லாம் உள்ளே ஒன்றுமில்லாதது போல ஒலித்தன. தட்டியதில் இன்னொன்று விழுந்தது. காபிக் கோப்பை டைலில் மட்டும் ஓசை மாறியது. விளிம்பில் கத்தி முனையை வைத்து நெம்பிப் பார்த்தார். அது அசையவில்லை.

"எனக்கு ஒண்ணும் புரியலம்மா," என்றார் தில்லைநாயகம். "ஒழுங்கா ஒட்டினது நிக்கல. தப்பா ஒட்டி எடுத்தது நிக்குது. கேட்டதை எல்லாம் எழுதிவச்சுத்தான் செஞ்சேன்."

குரு குறிப்பை வாங்கிப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது. டைலை ஊறவைக்க வேண்டியதில்லை என்று இருந்தது.

"இது யார் சொன்னது?"

"பசையில ஒட்டினவர்."

"நீங்க எதுல ஒட்டினீங்க?"

"சிமெண்ட்ல."

குரு விழுந்த டைல் ஒன்றைத் திருப்பினார். சிமெண்ட் மாவாக உதிர்ந்தது. டைலை வாளித் தண்ணீரில் இறக்கினார். அதிலிருந்து குமிழிகள் சரம் சரமாக மேலே வந்தன.

"என்ன பண்ணுது?"

"தண்ணி குடிக்குது."

"சுவத்துலயும் இதைத்தான் பண்ணியிருக்கு. சிமெண்ட்டை இறுகவே விடல. ஈரத்தை எல்லாம் குடிச்சிடுச்சு."

தில்லைநாயகம் காபிக் கோப்பையைப் பார்த்தார். தான் சாப்பிட்டு வரும்வரை அது வாளியில் கிடந்தது நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான் விளங்கியது.

"சுவரு புரியுதும்மா. நான் கேட்டதுதான் இன்னும் புரியல. நான் போய்ப் பேசலாமா, வேண்டாமா?"

"குமிழி நின்னுடுச்சான்னு பாருங்க ஐயா."

தில்லைநாயகம் வாளியருகே குந்தி உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இன்னும் வருதும்மா."

"வரட்டும். நின்னப்புறம் ஒட்டலாம்," என்றார் குரு, மற்ற டைல்களையும் ஒவ்வொன்றாக வாளிக்குள் இறக்கியபடி.