விருந்தாளிகளுக்கு இடம் கொடுத்த பெட்டி

தூத்துக்குடியில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு வீட்டில், டிவிக்குக் கீழே மரத்தட்டில் ஒரு செட்டாப் பாக்ஸ் குடியிருந்தது. வீட்டில் எல்லாரும் அதைப் பெட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். எல்லாரும் என்றால் பெரிய கூட்டம் இல்லை. வீட்டுக்கார அம்மா பிலோமினா ஒருத்தர். பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே பிறந்து வளர்ந்ததுபோல இருக்கும் ரிமோட் ஒன்று. அதிகம் பேசாத டிவி ஒன்று. சுவரில், மாலை போட்ட படத்துக்குள்ளே, அம்மாவின் வீட்டுக்காரர் சவரிமுத்து.

பெட்டியிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. எங்கே தூங்கியதோ அங்கேதான் விழிக்கும்.

பிலோமினம்மா இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார். சாயங்காலச் செய்தி, ஒரு சீரியல், எல்லாம் பார்த்து முடித்ததும் மறக்காமல் நூற்றுப் பதினேழாம் சேனலில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் அணைப்பார். அது உள்ளூர் கேபிள்காரர்கள் நடத்தும் சேனல். காலை ஆறு மணிக்கு அவருடைய பங்குக் கோயில் பூசையை அதில் நேரடியாகக் காட்டுவார்கள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் கோயில் படி ஏற முடியவில்லை. அன்றிலிருந்து காலையில் ஒரு கையில் செபமாலை, மறு கையில் ரிமோட். கண்ணாடிகூடத் தேட வேண்டாம். சிவப்புப் பொத்தானில் ஒரே ஒரு அமுக்கு. கோயில் நடு வீட்டுக்கு வந்துவிடும்.

அந்த ஈஸ்டருக்குச் சென்னையிலிருந்து மகன் ரெஜிஸ் தன் புதுப்பெண்டாட்டி ஷைனியோடு வந்திருந்தான். வந்தவன் பெட்டியைப் பார்த்துச் சிரித்தான்.

“என்னம்மா, இன்னும் இந்த டப்பாவை வச்சிக்கிட்டிருக்கீங்க? எல்லாந்தான் போன்லயே வருதே. தூக்கிக் கடாசிட்டு நெட் போட்டா முடிஞ்சுபோச்சு.”

“அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்ப்பா. உன்னை என்ன பண்ணுது?” என்றார் அம்மா.

அன்றைக்கு முழுக்கப் பெட்டிக்கு உடம்பு கொதித்தது. ரிமோட் சும்மா இருக்கவில்லை.

“கேட்டியா? டப்பாவாம்.”

“கேட்டேன்.”

“விசிடி பிளேயரையும் இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. இப்ப அது பரண்ல கிடக்கு. அது தலைமேல கிறிஸ்மஸ் குடிலோட மாட்டுக்கொட்டகையைத் தூக்கி வச்சிருக்காங்க.”

பெட்டி அண்ணாந்து பரணைப் பார்த்தது.

மறுநாள் ரெஜிஸ் வீட்டுக்கு நெட் இணைப்பு வாங்கினான். வீடியோவில் அம்மா முகம் பார்த்துப் பேசலாம் என்றான். அந்த நெட் வழியாக, யாரும் கூப்பிடாமலேயே, பெட்டியின் வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். மூவரும் ஓடிடி ஊர்க்காரர்கள். ஒருவர் சினிமாக்காரர், ஒருத்தி சீரியல்காரி, இன்னொருவர் கிரிக்கெட்காரர்.

“உன்னைத் தூக்கிப் போடப் போறாங்களாமே,” என்றார் சினிமாக்காரர், சாவு வீட்டில் துஷ்டி கேட்க வந்தவர் மாதிரி.

“நாம உள்ள இருந்தா எவன் தூக்குவான்?” என்றார் கிரிக்கெட்காரர்.

“எங்களுக்குப் பெரிசா ஒண்ணும் வேண்டாம்ப்பா. ஒரு மூலை குடு, போதும்,” என்றாள் சீரியல்காரி. அவளிடம் மட்டும் நாற்பது பை இருந்தது.

ரிமோட் மெதுவாகச் சொன்னது: “அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ.”

“அம்மாவுக்காகத்தானே செய்யிறேன்? நான் பரணுக்குப் போயிட்டா அவங்களுக்கு யாரு பூசை காட்டுவா?” என்றது பெட்டி. அதைச் சொன்னபோது அது நிஜம் என்றுதான் அதுவும் நம்பியது. கதவைத் திறந்துவிட்டது.

ரெஜிஸுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “பரவாயில்லையே, இதுலயே எல்லாம் வந்துடுச்சே,” என்றான். அதன்பிறகு டப்பா என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. ஸ்மார்ட் பாக்ஸ் என்றான். பெட்டிக்குக் காது குளிர்ந்தது.

மூலை கேட்டவர்கள் மூன்றாம் நாளே முன்னறைக்கு வந்துவிட்டார்கள்.

“வந்தவங்களைப் பின்கட்டுல உக்கார வச்சா ஊர் என்ன சொல்லும்?” என்றார் சினிமாக்காரர். முன்பக்கம் முழுவதையும் பெட்டி அவர்களுக்கு விட்டது. பழைய சேனல்களெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போயின.

“இன்னொண்ணு,” என்றார் கிரிக்கெட்காரர். “காலையில நீ கண்ணு முழிச்சதும் எங்க மூஞ்சிலதான் முழிக்கணும்.”

பெட்டி தயங்கியது. “நான் தூங்கின இடத்துலதான் முழிப்பேன். அதுதான் என் வழக்கம். அம்மா ஆறு மணிக்கு...”

“வரட்டுமே. எங்களைப் பார்த்துட்டு அப்படியே கீழ இறங்கிப் போனா அவங்க சேனல் இருக்கப் போவுது. நாங்க என்ன கோயிலையா இடிச்சுட்டோம்?” என்றாள் சீரியல்காரி. “வேண்டாம்னா சொல்லிடு. நாங்க போன்லயே இருந்துக்கிறோம். நீ பரணுக்குப் போ.”

பெட்டி அதையும் கொடுத்தது.

ஊருக்குக் கிளம்புமுன் ரெஜிஸ் எல்லாவற்றையும் சரிசெய்து வைத்தான். திரையில் ‘யார் பார்க்கிறீர்கள்?’ என்று ஒரு கேள்வி. அதற்குக் கீழே வட்ட வட்டமாக முகங்கள். நீலத்தில் கண்ணாடி போட்ட முகம் ரெஜிஸ். பூனை முகம் ஷைனி. அடுத்தது ‘குழந்தைகள்’ என்று தானாகவே வந்தது. கல்யாணமாகி ஆறு மாதந்தான் ஆகியிருந்ததால் ஷைனி வெட்கப்பட்டாள். கடைசியில் கண் மூக்கு எதுவுமில்லாத சாம்பல் வட்டம் ஒன்று.

“எனக்கு எதுப்பா?” என்று கேட்டார் அம்மா.

“நீங்க இதை அமுக்குங்கம்மா. விருந்தினர்னு போட்டிருக்கு பாருங்க.”

மாமனார் கட்டிய வீடு அது. பிலோமினம்மா அங்கே விளக்கேற்றி முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. இருந்தும், பிள்ளைகள் சந்தோஷமாக ரயிலேறினால் சரி என்று முறுக்கு டப்பாவைக் கட்டிக் கொடுத்தார்.

அடுத்த நாள் காலை ஆறுக்கு ஐந்து நிமிஷம். சிவப்புப் பொத்தானில் ஒரு அமுக்கு. கோயில் வரவில்லை. ‘யார் பார்க்கிறீர்கள்?’ என்று வந்தது.

“நான்தான்,” என்றார் அம்மா.

அது போதவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு சாம்பல் வட்டத்தை அமுக்கினார். உடனே ஒருவன் இன்னொருவனைத் துப்பாக்கியால் சுட்டான். “சேசுவே,” என்று அம்மா நெஞ்சில் கைவைத்தார். கீழே போனார், வலப்பக்கம் போனார், திரும்ப மேலே வந்தார். ஒருவழியாக நூற்றுப் பதினேழைக் கண்டுபிடித்தபோது அங்கே நற்கருணை வாங்க வரிசை நின்றது.

“என் தப்புதான் ஆண்டவரே, எனக்குத் தெரியலை,” என்றார்.

பெட்டிக்கு அது சுருக்கென்று தைத்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

ரெஜிஸ் போனில் வழி சொன்னான். கல்யாணப் பத்திரிகை ஒன்றின் முதுகில் அம்மா எழுதிக்கொண்டார்: கீழே நாலு, வலது ரெண்டு, ஓகே. இரண்டு நாள் அந்த வழி சரியாக இருந்தது. மூன்றாம் நாள் விருந்தாளிகள் ‘உங்களுக்காக’ என்று தங்கள் சாமான்களை இடம் மாற்றிப் பரப்பிவிட்டார்கள். கீழே நாலு என்பது கீழே ஏழு ஆகிவிட்டது. அம்மா எழுதியதை அடித்துத் திருத்தினார். ஒரு வாரத்தில் அந்தப் பத்திரிகையில் மணமக்கள் பெயர் தவிர எல்லா இடத்திலும் அடித்தல் திருத்தல்.

“உனக்கு இது நல்லாருக்கா?” என்று கேட்டது ரிமோட். “என் கீழ்ப்பொத்தான் தேஞ்சே போச்சு.”

“கொஞ்சம் பொறுத்துக்கோ. இவங்க இருக்கிறதாலதான் நாமளும் இருக்கோம்,” என்றது பெட்டி.

அந்த மாதம் பதினெட்டாம் தேதி சவரிமுத்துவின் நினைவு நாள். அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லி, பெயரை எழுதிப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கோயிலுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார் அம்மா. பூசை தொடங்கினதும் முதலில் சாமியார் இன்னாருக்காக என்று பெயர் வாசிப்பார். ஊர் முழுக்க அந்தப் பெயரைக் கேட்கும். வருஷத்தில் ஒரு நாள், ஒரு தடவை. அம்மா முந்தின நாளே வெள்ளைச் சேலையை எடுத்து வைத்துவிட்டார். வழியில் எத்தனை பேர் மறித்தாலும் நேரத்துக்குப் போய்விட வேண்டும் என்று காலையில் ஐந்தரைக்கே அமுக்கினார்.

திரையில் ஒரு சக்கரம் சுற்றியது. ‘புதிய அம்சங்கள் நிறுவப்படுகின்றன. தயவுசெய்து காத்திருக்கவும்.’

பெட்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தால் சீரியல்காரிக்கு இன்னும் இருபது பை வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

“அம்மா தாயே, ஒரு பத்து நிமிஷம் நிறுத்துங்க. இன்னைக்கு அவங்க வீட்டுக்காரர் பேரு வாசிப்பாங்க,” என்று கெஞ்சியது.

“பாதியில நிறுத்த முடியாதுப்பா.”

“ஐயா, நீங்களாவது வழி விடுங்க.”

“ஒரு நாள்தானே,” என்றார் சினிமாக்காரர். “திரும்ப ரீப்ளேயில பாத்துக்கச் சொல்லு.”

“அந்தச் சேனலுக்கு ரீப்ளே கிடையாதுய்யா.”

“அப்ப அது என்ன சேனல்?” என்றார் கிரிக்கெட்காரர்.

நாற்பது சதவீதம். அறுபது. அம்மா நின்றபடியே செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். கோயில் மணி ஜன்னல் வழியாகக் கேட்டது. கோயில் வரவில்லை. நூறு சதவீதம் ஆகி, முகங்கள் வந்து, சாம்பல் வட்டத்தைத் தாண்டி, கீழே ஒன்பது போனபோது சாமியார் பிரசங்கத்தை முடித்து உட்காரப் போனார்.

பிலோமினம்மா அழவில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். “வாசிச்சிருப்பாங்க. எனக்குத்தான் கேக்கலை,” என்று அதனிடம் சொன்னார். பிறகு போனை எடுத்தார்.

கேபிள்காரர் சுடலைமணி பத்து மணிக்கு வந்தார். இருபது வருஷமாக அந்தத் தெருவுக்கு அவர்தான் ஒயர் இழுக்கிறார்.

“என்னக்கா, பெட்டி ஓடலையா?”

“ஓடுது சுடலை. நல்லா ஓடுது. நான்தான் பின்னால ஓட முடியலை. எனக்கு இது வேண்டாம். பழைய பெட்டி ஒண்ணு இருந்தாக் கொண்டா.”

“பழசெல்லாம் இப்ப வாறதில்லக்கா. இதுலதான் எல்லாமே இருக்கே.”

“இருக்கு. எல்லார் மூஞ்சியும் இருக்கு. பிறக்காத பிள்ளைக்குக்கூட ஒரு மூஞ்சி வச்சிருக்கான். என் மூஞ்சிதான் இல்ல. அமுக்கினா கோயில் வரணும் தம்பி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

சுடலைமணி கொஞ்சநேரம் தலையைச் சொறிந்தார். “சரிக்கா, பாக்கேன்,” என்று ஒயரைப் பிடுங்கப் போனார்.

பெட்டி பதறியது. “ஐயா, அக்கா, யாராச்சும் பேசுங்க. நீங்க உள்ள இருந்தா யாரும் தூக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே.”

“அதுக்கென்ன,” என்றார் சினிமாக்காரர். “எங்களுக்கு இந்த ஒரு வீடா? ரெஜிஸ் தம்பி போன்ல இருக்கோம், ஷைனி போன்ல இருக்கோம். நீ பத்திரமாப் போயிட்டு வா.” அதிகம் பேசாத டிவியிடம் திரும்பி, “உங்க உள்ள இடம் எப்படி?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அப்போது ஒயர் பிடுங்கப்பட்டது.

சுடலைமணியின் கடையில் ஒரு மேஜை. அவர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, முதுகில் இருந்த ஊசித் துவாரத்தில் குண்டூசியை விட்டு அழுத்திப் பிடித்தார். பெட்டிக்குத் தன் கதை முடிந்தது என்று தெரிந்தது. தினம் காலையில் பூசை காட்டிய பழக்கத்தில் அதற்குச் செபம் தெரியும். “எளியேன் பாவி,” என்று தொடங்கியது. முடிக்குமுன் விருந்தாளிகள், பைகள், முகங்கள் எல்லாம் துடைத்தாற்போல் போயின. ஒருவரும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

சுடலைமணி தூசியைத் துடைத்தார். நெட் இணைப்பைத் தடுத்தார். விழித்தால் நூற்றுப் பதினேழில்தான் விழிக்க வேண்டும் என்று உள்ளே குறித்துவைத்தார். கம்பெனி பெயர் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு டேப்பை ஒட்டி, பழைய செய்தித்தாளில் சுற்றி, சாயங்காலம் கொண்டுவந்தார்.

“தெருத் தெருவா அலைஞ்சு பிடிச்சிருக்கேன்க்கா. ரிமோட் பழசே போதும்.”

“பாக்க அதே மாதிரி இருக்கே?”

“எல்லாம் ஒரே கம்பெனிதானேக்கா,” என்றார் சுடலைமணி. நல்லவேளை, அவர் முகத்தை அம்மா அப்போது பார்க்கவில்லை. அம்மா ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருந்தார். ஒரே அமுக்கு. கோயில் வந்துவிட்டது. சாயங்காலச் செபமாலை நடந்துகொண்டிருந்தது.

“அப்பாடா,” என்றார் அம்மா. “இது பெட்டி. ஆமா, அந்தச் சனியனை என்ன செஞ்ச?”

“அது ஒழிஞ்சுபோச்சுக்கா.”

“நல்லதாப் போச்சு.”

ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. “ஏய், நீதானே?”

“சத்தம் போடாத,” என்றது பெட்டி.

அன்று இரவே ரெஜிஸ் போனில் வருத்தப்பட்டான். “அதை ஏம்மா குடுத்தீங்க? எல்லாம் ஒரே இடத்துல இருந்துச்சே.” அம்மா, “நீ சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டார்.

சனிக்கிழமைக்கு மறுபடியும் பெயர் எழுதி அனுப்பினார். அன்று காலை, ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சிவப்புப் பொத்தானை அமுக்கினார். பெட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு, நேற்றுத் தூங்கின இடத்திலேயே விழித்தது. மணி அடித்தது. சாமியார் காகிதத்தைப் பிரித்தார். “இன்று, இறந்த சவரிமுத்துவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, அவர் மனைவி பிலோமினா ஒப்புக்கொடுக்கும் திருப்பலி.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பூசை முடியும்வரை திறக்கவில்லை.

முடிந்ததும் மெல்ல எழுந்து வந்து, பிள்ளைகள் நெற்றியில் போடுவதுபோல, பெட்டியின் மேல் கட்டைவிரலால் ஒரு சிலுவை போட்டார்.

“நீ தங்கம்,” என்றார். “அந்த வீணாப்போனது மாதிரி ஆயிடாத, என்ன?”

ஜன்னல் பக்கம் நெட் ஒயரில் யாரோ தட்டுவது பெட்டிக்கு நன்றாகக் கேட்டது.